நாற்பத்தைந்து மணித்தியால ஓய்வு

லண்டனில் வேலை நாள் தவறாமல் என்னிடம், 'போனபிறகு என்ன செய்தாய்' என்று கேட்பது ஒரே ஒரு ஆள்தான். அது ஆளும் இல்லை. லொறியில் என் தலைக்கு மேலே பொருத்தியிருக்கும், ஓட்டத்தையும் ஓய்வையும் பதியும் டாக்கோ கருவி. காலை ஆறு மணிக்கு எட்மண்டன் யார்டில் ஏறி உட்கார்ந்து என் சாரதி அட்டையை அதற்குள் தள்ளினால், கடைசியாக எத்தனை மணிக்கு அட்டையை எடுத்தேன் என்று காட்டிவிட்டு, இடையில் என்ன செய்தாய் என்று கேட்கும். ஓய்வெடுத்தேன் என்றால் கட்டில் படத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். வேறு வேலை செய்தேன் என்றால் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் படம். மனைவி பிரிந்து ஜேர்மனியிலேயே நின்றுவிட்டாள். நான் தனியாக இங்கே வந்து பதினொரு வருடம். மகள் வருடப் பிறப்புக்கு ஜேர்மன் மொழியில் ஒரு செய்தி அனுப்பி, சுகமா என்று கேட்பாள். சுகம் என்று எழுதுவேன்.

லொறி ஓட்டுகிறவனின் பின்னால் சட்டம் மாமியார் மாதிரித் திரியும். நாலரை மணித்தியாலம் ஓடினால் முக்கால் மணித்தியாலம் நிற்க வேண்டும். ஒரு நாளில் இவ்வளவுதான் ஓடலாம், இரண்டு நாட்களுக்கு நடுவில் இவ்வளவு நேரம் படுக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. இவையெல்லாம் எனக்குப் பழகிவிட்டன. ஒன்றுதான் பழகவில்லை. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே தொடர்ச்சியாக, நாற்பத்தைந்து மணித்தியாலம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும். ஒரு வாரம் அதைக் குறைத்தால் அடுத்த வாரம் குறைக்க முடியாது. களைத்த சாரதி ஒருவன் யாரையும் அடித்துக் கொன்றுவிடக்கூடாது என்பதற்காக எழுதிய நல்ல சட்டம். ஆனால் எழுதியவர்களுக்கு வீட்டில் ஆட்கள் இருந்திருப்பார்கள். சனிக்கிழமை காலையில் மேல்மாடிக்காரரின் உடுப்புத் தோய்க்கும் மெஷின் சுற்றி முடியும்வரை அதையே கேட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தவன் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பான்.

அப்படிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, கூழ் காய்ச்சப் பனங்கிழங்கு ஒடியல் மா வாங்கவேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு நோர்பரிக்குப் போனேன். எட்மண்டனில் ஒடியல் மா இல்லாமல் இல்லை. தூரப் போனால் நேரம் போகும், அவ்வளவுதான். ரயில், பாதாள ரயில், மறுபடி ரயில் என்று ஒன்றரை மணித்தியாலம். அங்கே ஒரு தமிழ்க்கடையில் முதலாளி இடுப்பு நாரியைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், பிரான்சிலிருந்து வந்தவர். நான் கேட்காமலே போய் மூட்டையைத் தூக்கினேன். இருபது கிலோ எனக்கு ஒரு பொருட்டல்ல. முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, ஒன்றன்மேல் ஒன்றைப் பூட்டினாற்போல் அடுக்கினேன். முடித்தபோது அவருடைய மனைவி பின்னறைக்குக் கூப்பிட்டுச் சோறும் கணவாய்க் கறியும் போட்டுத் தந்தார். அடுத்த சனிக்கிழமையும் போனேன். அப்படியே நாலு வருடம் போய்விட்டது.

சனிக்கிழமைகளில் பின்வாசல் நடையில் எனக்காகப் பன்னிரண்டு மூட்டை கிடக்கும். அரிசி கொண்டுவரும் வான் வெள்ளிக்கிழமையே வந்துவிடும். மிச்சமெல்லாம் களஞ்சியத்துக்குப் போயிருக்க, இந்தப் பன்னிரண்டு மட்டும் வழியை மறித்துக்கொண்டு கிடக்கும்.

"உமக்கு உடம்பு வளையாது. நேற்றே அடுக்கியிருக்கலாமே?" என்று நான் முதலாளியை ஏசுவேன்.

"எங்கையண்ணை நேரம். நீங்கள் வராட்டி இந்தக் கடை நாறிப்போயிடும்," என்பார் அவர்.

அந்தச் சொல்லுக்காகவே நான் போனேன் என்று இப்போது தெரிகிறது. யார்டில் மற்றச் சாரதிகள் வார இறுதித் திட்டங்களைப் பேசும்போது, "சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு" என்று நானும் சொல்லுவேன். சொல்லும்போது வாய்க்கு இதமாக இருக்கும்.

வினை ஒரு பயிற்சி வகுப்பில் வந்தது. நாங்கள் ஐந்து வருடத்துக்குள் முப்பத்தைந்து மணித்தியாலம் வகுப்பில் இருந்தால்தான் தொடர்ந்து லொறி ஓட்டலாம். அதில் ஒரு நாள், படிப்பித்தவர், ஓய்வு நாளில் வேறு இடத்தில் செய்யும் வேலையையும் கருவிக்குச் சொல்லவேண்டும், மச்சானின் கடை என்றாலும் வேலை வேலைதான், மறைத்தால் அது பொய்ப்பதிவு, லைசென்ஸ் போய்விடும் என்றார். மச்சானின் கடை என்றபோது என்னைப் பார்த்ததுபோல் எனக்குப் பட்டது.

அகதியாக வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அதிகாரி கேட்டால் ஒன்றுமே சொல்லமாட்டோம், அல்லது கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவோம். ஜேர்மனியில் முதல் விசாரணையில் நான் ஒரு திகதியை மாற்றிச் சொல்லிவிட்டு ஆறு வருடம் அதைக் கட்டி அழுதவன். அடுத்த திங்கட்கிழமை கருவி கேட்டபோது, சனிக்கிழமை பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை இரண்டு சுத்தியல் என்று அழுத்தினேன். அதில் பயம் பாதி. மற்றப் பாதி பெருமை. எனக்கும் வேறு ஒரு வேலை இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. அடுத்த வாரமும் அப்படியே அழுத்தினேன்.

அட்டையில் இருப்பதைக் கம்பனி தன் கணினியில் இறக்கிப் பார்க்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, போக்குவரத்துக்குப் பொறுப்பான மனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயது வெள்ளைக்காரப் பெண், கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. வெள்ளி மூன்று மணிக்கு வேலை முடிந்தாலும், சனிக்கிழமை வேலை செய்தபடியால் என் ஓய்வு சனி மூன்று மணிக்குத்தான் தொடங்குகிறது, திங்கள் ஆறு மணிக்கு முப்பத்தொன்பது மணித்தியாலம்தான் வருகிறது, அடுத்தடுத்து இரண்டு வாரம் குறைந்திருக்கிறது, இது விதிமீறல் என்று தாளைக் காட்டினார். சனிக்கிழமை முதலாளி யார் என்று கேட்டார்.

யாரும் இல்லை என்றேன். சம்பளம்? இல்லை. அப்படியானால் எதற்காகப் போகிறாய்?

"அங்கே நிறைய வேலை இருக்கிறது," என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் பேனையைக் கீழே வைத்தார். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றார். அது வேலை என்றால், விதிக்கு உட்பட்டு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போவதுகூடக் கடினம், பேசாமல் நிறுத்திவிடு. வேலை இல்லை என்றால், கடைக்காரரிடம் அப்படி ஒரு கடிதம் வாங்கி வா, கோப்பில் போட்டுவிட்டு உன் சனிக்கிழமையில் நான் தலையிடமாட்டேன். ஒரு வாரம் தவணை. நான் தலையாட்டிவிட்டு லொறிக்கு வந்தேன். சனிக்கிழமை இல்லாத ஒரு வாரத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அந்தத் தோய்க்கும் மெஷினின் சத்தம்தான் கேட்டது.

சனிக்கிழமை கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். முதலாளியின் முகம் மாறிவிட்டது.

"கடிதமோ? ஆருக்கு அண்ணை, கவுன்சிலுக்கோ?"

"இல்லை தம்பி, என்ரை ஒபிசுக்கு. நான் இஞ்சை வேலை செய்யேல்லை எண்டு எழுதினாக் காணும்."

"அதுக்கென்ன, எழுதித் தாறன். இவளிட்டைச் சொல்லுறன்."

அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். பின்னறையில் கணினியோடு இருந்தாள். "மாமா, என்ன எழுத?" என்று கேட்டாள். உள்ளதை எழுது பிள்ளை என்று சொல்லிவிட்டு நான் நடைக்குப் போய்ப் பன்னிரண்டு மூட்டையையும் அடுக்கினேன். உள்ளே தாயும் மகளும் குரலைத் தாழ்த்திக் கதைப்பது கேட்டது. மூன்று மணிக்கு வெளிக்கிடும்போது அவள் உறையை ஒட்டிக் கையில் தந்தாள். "அப்பா சைன் பண்ணிட்டார் மாமா. ஒபிஸ்ல குடுத்தா ஓகே."

என்னைப் பற்றி எழுதிய எந்தக் காகிதத்தையும் நான் வாசிக்காமல் அதிகாரியிடம் கொடுப்பதில்லை. அதுவும் ஜேர்மனியில் படித்த பாடம்தான். நோர்பரி ஸ்டேசனில் பிளாட்போம் வாங்கில் உட்கார்ந்து உறையைக் கிழித்தேன். நல்ல ஆங்கிலம். அதில் இப்படி இருந்தது:

'இவர் எங்கள் கடையில் வேலை செய்பவர் அல்ல. பொருட்களை இறக்கி அடுக்க எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். இவர் லண்டனில் தனியாக வாழ்கிறார். சனிக்கிழமைகளில் எங்கள் குடும்பத்துடன் சாப்பிட வருவார். சும்மா சாப்பிட்டுப் போக அவர் விரும்பமாட்டார் என்பதால் சில மூட்டைகளை அவருக்கென்று விட்டுவைக்கிறோம். எங்களுக்கு அந்த உதவி தேவையில்லை.'

ரயில் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது.

முதலில் வெட்கம்தான் வந்தது. நாலு வருடமாக அந்த மனிதரை உடம்பு வளையாதவர் என்று ஏசியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் யாரோ ஒருவர், களஞ்சியத்துக்குப் போகவேண்டிய மூட்டைகளில் பன்னிரண்டை எண்ணி நடையில் போட்டிருக்கிறார். திரும்ப அதே களஞ்சியத்துக்கு நான் அவற்றைத் தூக்கிப் போயிருக்கிறேன். பிறகு கோபம் வந்தது. நான் என்ன பிச்சைக்காரனா? இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று நினைத்தேன். கடைசியில் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த கிழவி தன் பையைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

புதிய உறை ஒன்று வாங்கிக் கடிதத்தை அதற்குள் போட்டேன். திங்கட்கிழமை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மிட்லண்ட்ஸ் பக்கம் போய்வந்தேன். முக்கால் மணித்தியாலம் நிற்கவேண்டிய இடத்தில் நின்று, பாணைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். கடிதத்தைக் கொடுக்காமல் விட்டால், அங்கே எனக்கு வேலை இருந்தது, சட்டம்தான் நிறுத்திவிட்டது என்று யார்டில் சொல்லலாம். மரியாதையாக இருக்கும். ஆனால் சனிக்கிழமை இருக்காது. கொடுத்தால் சனிக்கிழமை இருக்கும். நான் யார் என்பது அந்தக் கோப்பில் கிடக்கும், எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் புரட்டிப் பார்க்கலாம். கருவியில் நாற்பத்தைந்து நிமிடம் முடிந்து வெகுநேரமாகியும் நான் லொறியை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். மனேஜர் நின்றபடியே வாசித்தார். ஒரு முறை வாசித்து முடித்தவர், மறுபடி மேலேயிருந்து வாசித்தார். நான் சுவரில் தொங்கிய வேகக் கட்டுப்பாட்டு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்து, கோப்பை மூடினார். "சனிக்கிழமைகளைப் பற்றி இனி என்னிடம் சொல்லவேண்டாம். கட்டில் படத்தையே அழுத்து," என்றார். நான் கதவருகில் போனபோது, "அங்கே சாப்பாடு நன்றாக இருக்குமா?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கும் என்றேன்.

சனிக்கிழமை விடிந்தது. மேல்மாடியில் மெஷின் சுற்றத் தொடங்கியது. போவதில்லை என்றுதான் ஒன்பது மணிவரை இருந்தேன். பிறகு சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனேன். கடைக்குள் நுழைந்ததும் முதலாளி, "வாங்கோ அண்ணை, கடிதம் சரிவந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம். சரிவந்திட்டுது."

"நான் வாசிக்கேல்லை. பிள்ளை எழுதினது, கையெழுத்து மட்டும் வைச்சனான்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பப்படப் பெட்டி ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார்.

பின்வாசல் பக்கம் போனேன். நடையில், வழியை மறித்துக்கொண்டு, பன்னிரண்டு மூட்டை கிடந்தது. அவருடைய மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, முதல்ல சாப்பிடுங்கோ. அது கிடக்கட்டும்."

நான் ஒரு நிமிடம் அந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவற்றை எண்ணிப் போட்ட முதலாளி எனக்குப் பின்னால் வந்து நின்றார். நான் சொல்லப்போவதற்காகக் காத்து நிற்கிறார் என்று தெரிந்தது.

"உமக்கு உடம்பு வளையாது. நேற்றே அடுக்கியிருக்கலாமே?" என்றேன்.

அவர் ஒதுங்கி எனக்கு வழி விட்டார். பிறகு, "எங்கையண்ணை நேரம்," என்றார்.

முழங்காலை மடக்கி முதல் மூட்டையைத் தூக்கினேன். பன்னிரண்டையும் அடுக்கி முடித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை அட்டையைத் தள்ளியதும் கருவி கேட்டது. வெள்ளி மூன்று மணியிலிருந்து திங்கள் ஆறு மணிவரை, முழுவதும் கட்டில் படம் என்று அழுத்தினேன். மூட்டை தூக்கிய நாரி இன்னும் நொந்துகொண்டிருந்தது.