ஒற்றை முட்டி

பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தவர்களைத்தான் முட்டி போடச் சொல்வார்கள். என் அக்கா ஒரு தப்பும் செய்யாமல் பாதி ஆயுளை முட்டி போட்டே கழித்தாள். அதுவும் ஒற்றை முட்டி. அவள் ஓட்டிய பந்தயப் படகு அப்படி. ஒரு ஆள் இடுப்பு நுழைகிற அகலம்தான் இருக்கும். வலது முழங்காலை ஊன்றி, இடது காலை முன்னால் வைத்து, வலது பக்கம் மட்டுமே துடுப்புப் போட வேண்டும். ஒரே பக்கம் போட்டும் படகை நேராக விடுவதுதான் வித்தை.

சொந்தக்காரர்களுக்கு இது விளங்கவே இல்லை. "மீன் கீன் ஏதாவது மாட்டுமா?" என்று எங்கள் மாமா பார்க்கும்போதெல்லாம் கேட்பார். முதல் தடவை எல்லோரும் சிரித்தோம்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். அக்கா சட்டைக்கு மட்டும் வலது தோளில் துணி கூட விட்டு வெட்டுவேன். ஒரு பக்கமே உழைத்து உழைத்து உடம்பு கோணிப்போயிருந்தது. விடிந்ததும் அணைக்கட்டில் பயிற்சி, அங்கிருந்து ஈரத் தலையோடு வேலைக்கு. வேலை குடிநீர் நிலையத்தில், புட்டியில் தண்ணீர் பிடித்துக் குளோரின் பார்ப்பது. அங்கேயும் தண்ணீர்தான். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவாள். முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, விளையாட்டை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவரிடம் நன்றாகத் தலையாட்டிவிட்டு, வரும் வழியிலேயே படகில் முட்டிக்கு வைக்கப் புதிதாக ஒரு ஸ்பாஞ்சு வாங்கினாள்.

இத்தனையும் எதற்கு? நாட்டுக்காக ஒரே ஒரு பந்தயத்தில் துடுப்புப் போட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. தேசிய அணிக்கு மூன்று பேரை எடுப்பார்கள். அக்கா எப்போதும் நாலாவது. நாலாவது ஆள் பதிலி. பதிலி என்றால் மற்றவர்களோடு விமானத்தில் போகலாம், அதே சட்டையைப் போடலாம், அவர்கள் படகைத் தூக்கலாம், கரையில் நின்று கை தட்டலாம். அவர்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் தண்ணீரில் இறங்கலாம். பாழாய்ப்போனவர்களுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. இப்படி நான் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும்.

இந்த வருஷம் தேர்வுப் போட்டியைப் புது ஏரி ஒன்றில் வைத்தார்கள். "இதுதான்டி கடைசி" என்றாள். நான் நம்பவில்லை. ஆனாலும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன்.

இந்தப் பந்தயத்தின் முடிவில் ஒரு வேலை இருக்கிறது. எல்லைக்கோடு வந்ததும் உடம்பைப் பின்னால் சாய்த்துப் படகை ஒரே உந்தாக முன்னே தள்ளுவார்கள். படகின் மூக்கு கொஞ்சம் முந்திக்கொள்ளும். தள்ளுகிற வேகத்தில் பலர் தண்ணீரில் விழுவார்கள். மூக்கு கோட்டைத் தொட்ட பிறகு விழுந்தால் பரவாயில்லை. அதற்கு முன்னால் விழுந்தால் அந்தப் பந்தயமே கணக்கில் வராது.

எங்கள் அணைக்கட்டில் கோடு என்று தனியாகக் கிடையாது. மிதவை வரிசையில் கடைசிச் சிவப்பு மிதவைதான் கோடு. வருஷக்கணக்காக அதைப் பார்த்துத்தான் அவள் தள்ளிப் பழகினாள். புது ஏரியில் கடைசிச் சிவப்பு மிதவைக்கும் அப்பால், கொடி நட்ட இடத்தில் கோடு. முந்தின நாளே எனக்குக் கை நீட்டிக் காட்டியவள் அவள்தான்.

அன்றைக்கு அவள் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். நாலாவது படகு நன்றாகப் பின்தங்கியிருந்தது. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சிவப்பு மிதவை வந்தது. அக்கா தள்ளிவிட்டாள்.

படகு ஒரு பக்கம் நழுவ, அவள் தண்ணீரில் கிடந்தாள். கோட்டுக்கு இன்னும் ஒரு படகு நீளம் இருந்தது. பின்னால் வந்த பெண் அவளைத் தாண்டிப் போனாள்.

மீட்புப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். துண்டைப் போர்த்தும்போதே எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நேத்து நீதானே காட்டின? கோடு எங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. உடம்புக்குத்தான் தெரியல."

பஸ்ஸில் வழி நெடுகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் பயிற்சியாளர் போன் செய்தார். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து, முட்டியில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"உன் அனுபவத்தை அப்படியே விட்டுட முடியுமாம்மா? கமிட்டியில பேசிட்டேன். பதிலியா வா. சின்னப் பொண்ணுங்களுக்கும் நீ கூட இருந்தா தைரியமா இருக்கும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சரி என்றுதான் சொல்லப்போகிறாள், வேறென்ன? அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"படகுல ஏறச் சொன்னீங்கன்னா இன்னைக்கே வர்றேன் சார். கரையில நிக்கத்தான் இனிமே என்னால முடியாது."

"அவசரப்படாத. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் சார். வெச்சிடறேன்."

என்னைப் போனை அணைக்கச் சொல்லிவிட்டு மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டாள். விட்டுத் தொலை, விட்டுத் தொலை என்று வருஷக்கணக்காக அவளைக் கரித்துக்கொட்டியவள் நான். விட்டுவிட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குத் தெரியாமல் அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, வருகிறாள் என்று சொல்லிவிடலாமா என்று கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.