ஆறு இல்லாத ஊருக்கு ஒரு படம்

அப்பா எங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் படம் வரைந்தேன். கலை ஆர்வமெல்லாம் கிடையாது. எழுபதுகளில் ஹைதராபாத்தில், ஒரு அரசுத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் இயந்திரப் பாகங்களை வரைந்துகொண்டிருந்தேன். அம்மா போன பிறகு அப்பா சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் தனியாக இருந்தார். எங்கள் குவார்ட்டர்சுக்கு வந்தால் இருப்புக் கொள்ளாது. மூன்றாம் நாள் பையைத் தூக்கிவிடுவார்.

சுவரில் ஊர் தெரிந்தால் தங்குவார் என்று நினைத்தேன். ஆபீசில் கோடு போடும் டீ ஸ்கொயர் சட்டத்தை வைத்து, அளவு பிசகாமல், எங்கள் நிலத்தை அப்படியே வரைந்தேன். வற்றிய கிணறு, வேலிக்கருவை, மழையில் உடைந்த வரப்பு. ஒரு போல்ட்டை விட்டாலும் மேலதிகாரி திருப்பி அனுப்பும் உத்தியோகம். எதையும் விட்டுப் பழக்கமில்லை.

அப்பா வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"வரப்பு ஒடஞ்சுல்ல கெடக்கு."

மறுநாளே அதைக் கட்டுவதற்கு ரயிலேறிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேல் அல்ல, டீ ஸ்கொயர்மேல்.

என் மனைவி இங்கேயே, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்சில் பிறந்து வளர்ந்தவள்; பேச்சில் ஹைதராபாத் உருது கலந்து வரும். கிராமத்தைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறாள்.

"வத்தின கிணறெல்லாம் நக்கோங்க, வேணாம். ஆறு போடுங்க, தென்னமரம் போடுங்க."

"எங்க ஊர்ல ஆறே இல்லையே."

"ஹவ், ஆமா, அதுக்குத்தான் போடச் சொல்றேன்."

வேண்டாவெறுப்பாக வரைந்தேன். ஆறு, படகு, குடிசை, இரண்டு மலைக்கு நடுவில் சூரியன். தென்னைகள் மட்டும் சம இடைவெளியில் நேராக நின்றன. கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அடுத்த தை மாதம் அப்பா வந்தார். வழக்கமான பையோடு ஒரு தகரப் பெட்டியும் இருந்தது. நாற்காலியைப் படத்துக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் காப்பி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊருப்பா இது?"

காலண்டர் என்று சொல்ல வாய் வரவில்லை. "கோதாவரிப் பக்கம்" என்றேன்.

"நெலம் வெலைக்குக் கெடைக்குமா?"

"அங்க யாரும் விக்க மாட்டாங்கப்பா."

"எப்படி விப்பான்? இம்புட்டுத் தண்ணி ஓடுதே."

ஆறிய காப்பியைக் குடித்தார். பிறகு படத்தைப் பார்த்தபடியே, நம் நிலத்தைப் போன மாதம் விற்றுவிட்டதாகச் சொன்னார்.

நான் ஆசைப்பட்டபடியே அப்பா எங்களோடு இருந்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இல்லை.