ராசிக்கை இழுத்த கயிறு

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் வடசென்னையில் கல்மண்டபத்திலிருந்து முகத்துவாரக்குப்பம் வரை எந்தப் படகுக்காரரையும் கேட்டுப் பாருங்கள், புது இன்ஜினுக்கு முதல் கயிறு இழுக்க யார் கை வேண்டும் என்று. இந்த மெக்கானிக்கின் வலது கை என்பார்கள். ராசிக்கை. நான் இழுத்துக் கிளப்பிய இன்ஜின் நடுக்கடலில் நின்றதாகச் சரித்திரமே இல்லை.

அந்தக் கையைத்தான் போன வருடம் ஸ்ட்ரோக் அடித்துப் போட்டது. டீ டம்ளர் கைநழுவி விழுந்தது, வாய் கோணியது. என் மனைவி ஒரு நொடி யோசிக்கவில்லை. ஆட்டோவில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நான் உயிர் பிழைத்த பெருமை முழுக்க அவளுடையது.

ஸ்ட்ரோக் எனக்குப் புதுச் சொல்லா? பிஸ்டன் மேலே போனால் ஒரு ஸ்ட்ரோக், கீழே வந்தால் இன்னொன்று. இரண்டில் வேலையை முடிப்பது டூ ஸ்ட்ரோக், நான்கில் முடிப்பது ஃபோர் ஸ்ட்ரோக். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னதுமே, பெட்ரோல் வராத இன்ஜின் என்று பிடித்துக்கொண்டேன்.

முகத்துவாரக்குப்பத்தில் எனக்கொரு தோஸ்து, படகுக்காரன். அந்த நேரம் பார்த்துப் புது ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கியிருந்தான். அதைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, இருமுகிற பழைய இன்ஜினோடு கடலுக்குப் போய்வந்தான்.

"நீ இழுக்காம இத்த எறக்கமாட்டேன் மாமு."

"கை வரலன்னா இன்னா பண்ணுவ?"

"வராம எங்க பூடும்?"

அவன் சிரித்தான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

உடற்பயிற்சி சொல்லித்தந்த பெண், டாக்டரைக் கேட்டுக்கொண்டு என்னை நீச்சல் குளத்தில் இறக்கினாள். துறைமுகக் கல்லிலிருந்து குதித்து வளர்ந்தவனுக்கு இடுப்பளவுத் தண்ணீர்! "ஒவ்வொரு கைவீச்சும் ஒரு ஸ்ட்ரோக் சார்" என்றாள். அட, இதற்கும் அதே பெயரா? இதாவது நமக்கு உதவட்டும் என்று வீசினேன். இடது கை வீசியது, வலது கை தொங்கியது.

"யோவ், இன்னா ஒத்த றெக்க கோழி மாரி வட்டமா சுத்தினுகீற?" என்றாள் கரையில் குந்தியிருந்த மனைவி.

தினமும் போனோம். வட்டம் மெல்லப் பெரிதானது. ஒரு நாள் நேர்கோடாகி, எதிர்ச் சுவரைத் தொட்டேன். அவள் அடித்த விசிலில் குளமே திரும்பிப் பார்த்தது.

மறுநாளே முகத்துவாரத்துக்குப் போனோம். படகில் புது இன்ஜின், சந்தனமும் சாமந்திப்பூவுமாக. குப்பமே கூடி நின்றது. இழுத்தேன். சத்தமில்லை. மறுபடி இழுத்தேன். ஊகூம். தோஸ்தின் முகம் சுருங்கியது. பல்லைக் கடித்து, கயிறு முழுதாக வரும்படி இழுத்தேன். ஒன்றுமில்லை. என் கையையே வெறித்துப் பார்த்தேன்.

எலுமிச்சம்பழத்தோடு நின்ற மனைவி எட்டிப் பார்த்து, தோஸ்தைக் கேட்டாள். "இன்னாண்ணே, அந்த பைப்பு எதுக்கு சும்மா தொங்கினுகீது?"

பெட்ரோல் டேங்கின் குழாய்! பூ சுற்றுகிற மும்முரத்தில் மாட்ட மறந்திருக்கிறான். என் கையைத் தவிர வேறெதையும் நானும் பார்க்கவில்லை.

"அட கஸ்மாலம்!" என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே மாட்டினான்.

ஒரே இழுப்பு. இன்ஜின் கிளம்பியது. எல்லோருக்கும் முன்னால் என் மனைவி படகில் ஏறி உட்கார்ந்தாள்.

"இத்தினி நாளு கரையிலயே குந்திகினு கத்தினேன். இப்ப ஒரு ரவுண்டு இட்டுகினு போ."