காக்களூர் வந்து சேராத சரக்கு

மூன்று கம்பெனிக் கணக்கை ஒன்றாக்குவது என்ன பெரிய விஷயம், கூட்டினால் போச்சு என்று யாராவது சொன்னால் நர்மதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரி, காக்களூரில் கடைசல் பட்டறை, இரண்டுக்கும் நடுவே ஓட ஒரு லாரி கம்பெனி. மூன்றுக்கும் முதலாளி சந்திரமோகன்தான். ஃபவுண்டரி பட்டறைக்கு விற்றது என்பதெல்லாம் இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போட்ட கதை. அதை இரண்டு பக்கமும் அடித்துவிட்டுத்தான் ஒரே பேலன்ஸ் ஷீட்டாகப் போட வேண்டும். பதினாலு வருஷமாக அவள்தான் போடுகிறாள். ஒரு வருஷமும் கணக்கு உதைத்ததில்லை.

இந்த வருஷம் உதைத்தது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி கும்மிடிப்பூண்டியிலிருந்து பதினோரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு பம்ப் கேசிங் என்கிற இரும்புக் கூடுகள் போயிருக்கின்றன. காக்களூர்க் கணக்கில் அப்படியொரு சரக்கு வரவே இல்லை. ஏப்ரல் கணக்கிலும் தேடினாள், அந்தத் தொகை இல்லை. "சரக்கு காக்களூர்ல ஏறலை சார்" என்று மீட்டிங்கில் சொன்னாள். சொன்னது அவ்வளவுதான். முதலாளி அன்றைக்கே காக்களூர் ஸ்டோர்கீப்பர் துளசிராமனை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரக்குக்கு வழி தெரியாவிட்டால் போலீசில் புகார்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு போல்ட்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனுஷன்! நர்மதாவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பாழாய்ப்போன வாய்தானே அவரைத் திருடனாக்கியது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, ஊத்துக்கோட்டையில் பஸ் மாறிக் காக்களூர் போய்ச் சேர்ந்தாள்.

கேட்டில் செக்யூரிட்டி கன்னியம்மா. "இன்னாம்மா, இந்த வெயில்ல வந்துகீற?"

"கேட் நோட்டைக் கொஞ்சம் காட்டுக்கா. மார்ச் கடைசி."

முப்பத்தொன்று, மதியம் மூன்று இருபது. கம்பெனி லாரி உள்ளே வந்திருக்கிறது. நர்மதா ஓடிப்போய் ஸ்டோர் நோட்டைப் புரட்டினாள். அங்கே ஏப்ரல் இரண்டாம் தேதிதான் பதிவு. அதுவும் அன்று வந்த இன்னொரு லாரிச் சரக்கோடு சேர்த்து ஒரே ரசீது. தொகை பிடிபடாமல் போனது இதனால்தான். நோட்டோடு கன்னியம்மாவிடம் திரும்பி வந்தாள்.

"ரெண்டு நாள் ஏன்க்கா எழுதாம வெச்சிருந்தாரு?"

"அன்னிக்கு அஷ்டமிம்மா, மறுநாள் நவமி. அந்த ரெண்டு நாளும் சரக்கைப் புக்குல ஏத்தக்கூடாதுன்னு பெரிய முதலாளி சொன்ன ரூலு. அவரு செத்தப்புறமும் துளசி அண்ணன் அத்த வுடாம பண்ணிக்கினு வராரு. அவரு புள்ளைக்கே தெரியாதா இன்னா?"

அந்தப் பிள்ளைதான் சந்திரமோகன். அவருக்கும் தெரியாது, நர்மதாவுக்கும் தெரியாது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்த மாதிரி அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நோட்டையும் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பிவிட்டு, போனிலும் விவரம் சொன்னாள். "எங்க அப்பா ரூலா?" என்று கேட்டார். பிறகு, "நாளைக்கே அவரை வரச் சொல்லிடும்மா" என்றார்.

அடுத்த போன் திருப்பாச்சூருக்கு, துளசிராமனுக்கு.

"அண்ணே, நர்மதா பேசறேன். சரக்கு கெடச்சிடுச்சு. நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க."

"எந்தச் சரக்கும்மா?"

"மார்ச் முப்பத்தொண்ணுல வந்த பம்ப் கேசிங்."

"அதுவா? அதுல பாதி கடைசல் புடிச்சு வித்தே போச்சேம்மா. மீதி நாலாவது ரேக்குல கீது."

"இத்த முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சரக்கு காணோம், நீ வராதேன்னாங்க. எந்தச் சரக்குன்னு ஒருத்தரும் கேக்கலியேம்மா."

அவளும்தான் கேட்கவில்லை. ஒன்பது நாளாகக் கம்ப்யூட்டரைக் குடைந்தவள், இந்த நம்பருக்கு ஒரு போன் போடவில்லை. "மன்னிச்சிடுங்கண்ணே" என்று அழுதுவிட்டாள்.

"அட, அழுவாதம்மா" என்றார் துளசிராமன். "இரு, ஊட்ல சொல்லிட்டு வரேன். ஆறு நாளா அவ அடுப்பே பத்த வெக்கல."