அண்ணன் நின்ற வரிசைகள்

மனநல ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்தபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது. எழுபதுகளின் தொடக்கம். அவர் உள்ளே போனபோது எனக்கு மீசைகூட அரும்பவில்லை. நோய் எப்போதோ தணிந்துவிட்டது. ஆனால் அப்பா உயிரோடு இருந்தவரை அவரை அழைத்து வரும் பேச்சையே எடுக்க விடவில்லை.

டாக்டர் முதலில் விடுப்பில்தான் அனுப்பினார். மூன்று மாதம் வீட்டில் இருக்கட்டும். சரிப்பட்டு வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து பெயரை எடுத்துவிடலாம், இல்லையென்றால் திரும்ப வார்டுதான் என்றார்.

எங்களுக்கு மந்தைவெளியில் இரண்டு அறை வாடகை வீடு. எதையும் எண்ணிப் பார்க்காமல் எனக்கு நிம்மதி வராது. படுக்கும் முன் அண்ணனுடைய மாத்திரைகளை எண்ணுவேன். சமையலறைக் கத்திகளை எண்ணுவேன். அரிவாள்மணையோடு சேர்த்து மூன்று. அண்ணன் புரண்டு படுத்தால் எழுந்துபோய்ப் பார்ப்பேன்.

உண்மையில் அவர் ஒரு தொல்லையும் தரவில்லை. அதுவே எனக்குக் கவலையாக இருந்தது. குளி என்றால் குளிப்பார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார். கதவு திறந்தே கிடந்தாலும், போகலாம் என்று யாராவது சொல்லும்வரை அங்கேயே நிற்பார். தெருவில் வரிசையைக் கண்டால் மட்டும் யாரும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துகொள்வார். வார்டில் சோறு, மருந்து, வெந்நீர் எல்லாம் வரிசையில் நின்றால்தான். வரிசையின் முனைக்குப் போனால் ஏதாவது கொடுப்பார்கள் என்று பழகியிருந்தது. ரேஷன் கடையில் கார்டும் பையும் இல்லாமல் நின்று, தன் முறை வந்ததும் கையை மட்டும் நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போவார். சாந்தோம்காரர், சமூகப் பணி படித்தவர், என்னைவிட வயதில் சிறியவர். ஆனாலும் என்னிடம் கண்டிப்பு.

"சார், நீங்க அவரை ரொம்ப நல்லாப் பாத்துக்கறீங்க. அதுதான் பிரச்சனை."

"அப்படின்னா?"

"அங்கயும் எல்லாத்தையும் மத்தவங்கதான் முடிவு பண்ணாங்க. இங்க நீங்க பண்றீங்க. அதுக்கு அவர் அங்கயே இருக்கலாமே, சோறாவது நேரத்துக்குக் கிடைக்கும்."

"நல்லாக் கேளுங்க மேடம்" என்றாள் என் மனைவி.

அதன்பிறகு அவள்தான் ஒரு வழி கண்டாள். "எப்படியும் வரிசையில நிக்கறார். சும்மா நிக்கறதுக்கு டின்னோட நிக்கட்டுமே" என்று அவரைக் கெரசின் வாங்க அனுப்ப ஆரம்பித்தாள். கெரசினுக்கு அலைய வேண்டிய காலம் அது. முதலில் நான் பின்னாலேயே போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். பிறகு மனைவி என்னைப் போகவிடவில்லை.

விடுப்பு முடிய இருந்த வாரம். டாக்டரிடம் என்ன சொல்வது என்று முடிவு செய்ய அந்தப் பெண் வந்து உட்கார்ந்திருந்தார். காலையில் டின்னோடு போன அண்ணன் இன்னும் திரும்பவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

கெரசின் கடையில் பாதிக் கதவு சாத்தியிருந்தது.

"ஸ்டாக் எப்பவோ காலி நைனா. அல்லாரையும் அனுப்பிட்டேன்" என்றார் கடைக்காரர்.

"என் அண்ணன் வந்தாரே? உயரமா, வேட்டி கட்டிக்கிட்டு?"

"இங்கதான் நின்னுகினு இருந்தாரு. அப்பால பாக்கல. இன்னா, கொயந்தையா அவரு, காணாம போறதுக்கு?"

பால் பூத், தபாலாபீஸ், மேட்னிக்கு டிக்கெட் கொடுக்கும் தியேட்டர் என்று ஏழு வரிசைகளைப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. பஸ் வரிசையில் சேர்ந்து ஏறியிருந்தால்? பெசன்ட் நகரில் இறக்கிவிட்டிருப்பார்கள். அங்கே கடல் வேறு. அதற்குமேல் நினைக்கத் துணிவில்லாமல் வீட்டுக்குத் திரும்பினேன். இனி வார்டுதான் என்று தோன்றியது. "எங்கயும் காணோம்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

அப்போது வாசலில் அண்ணன் வந்து நின்றார். சட்டை முழுக்க வியர்வை. கையில் நிறைந்த டின்.

"எங்கண்ணா போனே?" என்று கத்திவிட்டேன்.

"ராஜா அண்ணாமலைபுரம்."

"அங்க போகச் சொன்னது யாரு?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"யாரும் சொல்லல. இங்க தீந்துபோச்சுன்னான். அங்க இருக்குன்னு வரிசையில பேசிக்கிட்டாங்க. விசாரிச்சுக்கிட்டே நடந்தேன்." டின்னைக் கை மாற்றிக்கொண்டார். "அளவு குறைச்சு ஊத்தினான். நான் விடல. சண்டை போட்டேன்."

ஆஸ்பத்திரிப் பெண் முன்னாலேயா சண்டை என்று சொல்ல வேண்டும்!

"சண்டைன்னா சும்மா வாய்ப்பேச்சுதான் மேடம். அவர் யாரையும்..."

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." அண்ணன் பக்கம் திரும்பினார். "அப்புறம்?"

"வழிய வழிய ஊத்தினான்."

"எங்க கடைக்காரனும் அப்படித்தான் ஏமாத்தறான். ஒரு நாள் எனக்காக வந்து கேக்கறீங்களா?"

அண்ணன் யோசித்தார். "சாந்தோமா? வெயில் தாழ்ந்தா வரேன்."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டரிடம் பெயரை எடுத்துவிடச் சொல்கிறேன் என்று என்னிடம் சொன்னார். வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

"தள்ளி உக்காருடா, வழிய மறைக்கறே" என்றபடி அண்ணன் என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்.