பரீட்சைக்கு வரவேண்டாத பிள்ளை

கைபேசியைத் திறப்பதற்கு முன் கருப்பாத்தாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். முந்தானை நுனியால் திரையை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைப்பார், குறுக்கே துடைப்பதில்லை. பிறகு கையை எட்ட நீட்டி, மாவட்டத் தலைமையாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கும் பட்டியலைப் பார்ப்பார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு எழுத்து தெரியாது, நிறம் மட்டும் தெரியும். பச்சை, மஞ்சள், சிவப்பு. அவர் தலைமையாசிரியையாக இருக்கும் கள்ளிமேட்டுப்புதூர் அரசு உயர்நிலைப் பள்ளியின் வரி பெரும்பாலும் நடுவில் வரும். அந்த இடம் சிவப்பாகக் கலங்கவில்லை என்று உறுதியான பிறகு கண்ணாடியை மாட்டுவார். கலங்கியிருந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மாட்டுவார்.

அந்த வருடம் பட்டியல்கள் அதிகமாக வந்தன. மாநில வரிசையில் மாவட்டம் கீழே இறங்கிவிட்டது என்று மேலே யாரோ யாரையோ கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி படி இறங்கி இறங்கி, பல்லடத்துக்குத் தெற்கே தறிச் சத்தத்துக்கு நடுவில் இருக்கும் இந்தப் பள்ளிவரை வந்துவிட்டது. திருப்புதல் தேர்வு மதிப்பெண், மெல்லக் கற்போர் எண்ணிக்கை, வருகை எல்லாவற்றுக்கும் நிறம் உண்டு.

கருப்பாத்தாளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். தனியார் பள்ளியின் மஞ்சள் வேன்கள் ஊருக்குள் வந்து பள்ளிக் கேட்டைத் தாண்டித்தான் போகும். கேட்டில் தொங்கும் 'நூறு சதவீதத் தேர்ச்சி' ஃபிளெக்ஸ் மூன்று வருடம் பழையது. வெயிலில் நூறு வெளுத்துவிட்டது. இந்த வருடமும் நூறு இல்லையென்றால் ஆறாம் வகுப்புக்கு ஆள் சேராது. ஆள் சேராவிட்டால் பணி நிரவல் என்று ஓர் ஆசிரியரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போனால் முதலில் போகிறவர் கணக்கு ஆசிரியர் ஜெரோம்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு மத்தியானம், ஜெரோம் பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டுடன் அறைக்குள் வந்தார்.

"எல்லாம் கரையேறிரும் மேடம். சண்முகப்ரியா ஒருத்திதான் ஒதைக்குது. கணக்குல மூணு தடவையும் இருபதத் தாண்டலீங்க."

"மத்த பாடம்?"

"மத்ததெல்லாம் பாஸ். ஜனவரி பூரா மஞ்சக்காமாலையில கெடந்தாளுங்களே. கணக்குல பாதிய அவ பாக்கவே இல்ல."

"சாமி கும்பிட்டா முப்பத்தஞ்சு வராதுங்களா சார்?"

"வரும். பேப்பர சாமியே எழுதுச்சுன்னா."

இருவரும் சிரித்தார்கள். ஜெரோம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எழுத வந்தவங்கள வெச்சுத்தானுங்க சதவீதம் போடறாங்க," என்றார். "வராதவங்க அந்தக் கணக்குல சேரமாட்டாங்க."

தலைமையாசிரியர்கள் வட்டாரத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரையும் வராதே என்று சொல்வதில்லை. வீட்டுக்குப் போன் செய்து பிள்ளையின் உடம்பை விசாரிப்பார்கள். விசாரிக்கிற விதத்திலேயே விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

கருப்பாத்தாள் இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் சண்முகப்ரியாவின் அம்மா மாசாணியம்மாளைப் போனில் கூப்பிட்டார். பின்னால் தறிகள் ஓடுகிற சத்தம் கேட்டது. மாசாணியம்மாள் தறிக்குடோனில் நூல் சுற்றுகிறவர்.

"ஏனுங்க, நான் ஹெச்எம் பேசறனுங்க. புள்ளைக்கு ஒடம்பு இப்ப எப்படிங்க இருக்குது?"

"பரவால்லீங்க மேடம். சோறு உங்கறா. படிக்கறா."

"மஞ்சக்காமாலை வந்த ஒடம்பு பாருங்க. வெயிலு வேற இப்படி அடிக்குது. பல்லடம் வரைக்கும் பஸ்ல போயி எழுதிட்டு வரோணும். எதுக்கு சிரமப்படுத்தறதுன்னு பாக்கறனுங்க. ஜூலைல மறுபடியும் பரீட்சை வெப்பாங்க, அப்ப நெதானமா எழுதிக்கலாம். நமக்குப் புள்ளதானுங்க முக்கியம்."

மாசாணியம்மாள் வெளியே வந்துவிட்டார் போலிருக்கிறது, தறிச் சத்தம் தள்ளிப்போனது.

"செரீங்க மேடம்," என்றார் மாசாணியம்மாள்.

போனை வைத்த பிறகு கருப்பாத்தாள் தான் பேசியதை ஒவ்வொரு சொல்லாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் கசந்தது. அவர் பிறந்த தோட்டத்து வீட்டில் மாசாணியம்மாள் மாதிரி ஒருத்தி வந்தால் வாசலோடு நிறுத்தி, வா போ என்றுதான் பேசுவார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் 'ங்க' என்பது அவராக வைத்துக்கொண்ட சட்டம். அந்தச் சட்டத்தை இன்று எதற்குப் பயன்படுத்தினோம் என்று நினைத்ததும், மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தைப் பாதியில் மூடினார்.

மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து அவர் அறைக்குத் திரும்பியபோது, மாசாணியம்மாள் வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் சண்முகப்ரியா, சீருடையில், புத்தகப் பையோடு.

"உக்காருங்க," என்றார் கருப்பாத்தாள். மாசாணியம்மாள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நேத்து போன் பண்ணுனீங்கல்லீங்க மேடம், அதுக்குத்தான் நேர்ல சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க. பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்தா திட்டறதுக்குத்தானுங்க வரும். எம்புள்ள ஒடம்ப விசாரிக்க ஹெச்எம்மே கூப்புட்டாங்கன்னு சொன்னா, குடோன்ல ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க..."

"இத்தன வெசனப்படறவங்கள வெச்சுக்கிட்டு இவ ஊட்ல படுத்துக்கெடந்தா நல்லா இருக்குங்களா? உங்க மொகத்துக்காகவாச்சும் எழுதோணும்னு கூட்டியாந்துபோட்டேன். உங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டுங்க. சாயங்காலம் எந்நேரமானாலும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

கருப்பாத்தாள் வாயைத் திறந்தார். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் எந்த அர்த்தத்தில் என்று அடுத்ததாகச் சொல்ல வேண்டிவரும். எதிரே உட்கார்ந்து நன்றி சொல்கிற ஒருவரிடம் உங்கள் பிள்ளை வரவேண்டாம் என்று வெட்டவெளிச்சமாகப் பேச, இத்தனை வருட உத்தியோகத்தில் அவர் பழகியதே இல்லை.

"காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க மேடம், ஷிப்டுக்கு நேரமாச்சு," என்று மாசாணியம்மாள் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். பிள்ளை நின்றது. வாசலில் ஜெரோம் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"சார், இந்தப் புள்ளைக்கு எதுல இருந்து ஆரம்பிக்கலாங்க?"

ஜெரோம் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார்.

"ரெண்டு படத்துல இருந்துங்க. வடிவியல் ஒண்ணு, வரைபடம் ஒண்ணு. கோடு சுத்தமாப் போட்டாப் பதினாறு மார்க்கு."

"மீதி பத்தொம்பது?"

"உங்க சாமி ஒம்பது, எங்க சாமி பத்து."

சண்முகப்ரியா முதல்முறையாகச் சிரித்தாள்.

அன்றிலிருந்து பள்ளி விட்ட பிறகு தலைமையாசிரியர் அறையில் விளக்கு எரிந்தது. ஜெரோம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவார். அதன் பிறகு கருப்பாத்தாள் கூட உட்காருவார். அவர் வரலாறு படித்தவர். வரைபடத் தாளில் அளவுத்திட்டத்தை ஓரத்தில் எழுத வேண்டும் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரியும். ஒருநாள் அவரும் ஒரு பரவளையம் வரைந்து காட்டினார். சண்முகப்ரியா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது போண்டா மாதிரி இருக்குதுங்க," என்றாள். இருவரும் அழித்துவிட்டு மறுபடி போட்டார்கள்.

பரீட்சைக்குப் பத்தாம் வகுப்பின் நாற்பத்தொரு பிள்ளைகளும் பல்லடம் போய் எழுதிவிட்டு வந்தார்கள்.

மே மாதம் முடிவு வந்தது. சண்முகப்ரியா கணக்கில் முப்பத்தெட்டு. ஆனாலும் பள்ளிக்கு நூறு வரவில்லை. கிரிக்கெட்டிலும் பேச்சிலும் முன்னால் நிற்கும் மனோஜ்குமார், சமூக அறிவியல் கதைதானே, எழுதிக்கொள்ளலாம் என்று புத்தகத்தைத் தொடாமல் போய், அதில் கோட்டைவிட்டிருந்தான். அது கருப்பாத்தாளே நடத்தும் பாடம்.

மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் திரையில் பள்ளியின் வரி மஞ்சளாக வந்தது. மேடையில் இருந்த அதிகாரி, நூறு ஏன் போனது என்று கேட்டார். கருப்பாத்தாள் எழுந்தார்.

"எம்பாடத்துலதானுங்க சார் போச்சு."

அரங்கம் சிரித்தது. அவர் உட்காரவில்லை.

"பேரு குடுத்த புள்ளைங்க அத்தனையும் எழுதுச்சுங்க சார். வராத புள்ள எங்க பள்ளியில ஒண்ணும் இல்லீங்க."

அதிகாரி குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

டீ இடைவேளையில் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர் பொங்கியண்ணன் அருகில் வந்தார். "ஏனுங்க மேடம், அதையெல்லாம் எதுக்குங்க சபையில சொல்லிக்கிட்டு?" என்றார். பிறகு டம்ளரையே பார்த்தபடி, "எங்க பள்ளியில நாலு பேரு வரலீங்க," என்றார். "அடுத்த வருஷம் பாக்கலாங்க."

ஜூலையில் மனோஜ்குமார் எழுதித் தேறினான். ஆறாம் வகுப்பில் தறிக்குடோன் வீடுகளிலிருந்து மட்டும் ஆறு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். உடம்பு சரியில்லை என்றால் போன் போட்டு விசாரிக்கிற பள்ளிக்கூடம் என்று மாசாணியம்மாள் சொல்லி வைத்திருந்தார். ஜெரோமுக்கு மாறுதல் வரவில்லை. கேட்டிலிருந்த வெளுத்த ஃபிளெக்ஸைக் கழற்றி, சைக்கிள் நிறுத்தத்துக்குக் கூரையாகக் கட்டினார்கள்.

ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு ஒருநாள், பதினொன்றாம் வகுப்பில் வேறு பள்ளியில் சேர்ந்திருந்த சண்முகப்ரியா மதிப்பெண் சான்றிதழ் வாங்க வந்து ஜெரோமிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனாள். அவள் சொன்னதை ஜெரோம் ஒரு வாரம் மனசுக்குள்ளேயே வைத்திருந்து, பிறகுதான் கருப்பாத்தாளிடம் சொன்னார். கருப்பாத்தாள் கூப்பிட்ட அன்றைக்குப் போனை வைத்ததும் மாசாணியம்மாள் நேரே வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் சொன்னது இது: "உன்னைய பரீட்சைக்கு வரவேண்டாங்கறாங்க கண்ணு. நாளைக்குக் காலைல கெளம்பி நில்லு, அந்தம்மாவுக்கு நன்றி சொல்லப் போலாம்."