கரைக்குக் கீழே ஒரு தொட்டில்

நான் வாழ்க்கைப்பட்ட ஊருக்குக் கிழக்கே கடல். வடக்கிலும் தெற்கிலும் உப்பளம். மேற்கே கரை. தப்பித்து ஓட வேண்டுமென்றால் அளத்து ஓரமாக இருந்த மணல் மேடு ஒன்றுதான் கதி. அதன் மேல் ஓர் அம்மன் கோயிலும் நாலைந்து பனைகளும் இருந்தன. இதையெல்லாம் பெண் பார்க்க வந்தபோது யாரும் எங்களிடம் சொல்லவில்லை. தூத்துக்குடிக்குப் பக்கம், காற்று நன்றாக வரும் என்று மட்டும் சொன்னார்கள். காற்று நன்றாகத்தான் வந்தது.

கரை என்பது ஒரு சின்ன அணை. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் பெய்கிற மழை ஓர் ஓடையாகத் திரண்டு எங்கள் ஊர் வழியாகக் கடலுக்குப் போகும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த ஓடையில் ஆடு மேயும். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் ஊரையும் அளத்தையும் வாரிக்கொண்டு போகப் பார்க்கும். அதைத் தடுக்க, யார் காலத்திலோ மண்ணைக் கொட்டி உயர்த்தி, நடுவில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, ஓரத்தில் மிச்சத் தண்ணீர் வழியக் கலுங்கு விட்டிருந்தார்கள். அந்தக் கரைக்கு அடியில் முதல் வீடு எங்கள் வீடு. கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் பாதி, கரை பாதி.

என் மூத்த மகள் பிறந்த வருஷம் கற்கட்டில் விரிசல் விட்டது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஓவர்சியர் ஒருவர் வந்து குடைக்கம்பியை விரிசலுக்குள் விட்டுப் பார்த்தார். சிமெண்டு எல்லாம் சண்டைக்குப் போகிறது, முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். சண்டை முடிகிறவரை மழையைப் பெய்யாமல் இருக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை போலிருக்கிறது. அடைக்கிற வேலையை ஊரே எடுத்துக்கொண்டது. ஊர் என்றால் முன்னால் நிற்பது என் வீட்டுக்காரர்தான்.

அவர் அளத்தில் கங்காணி. அவர் மிதித்த பாத்தி கசியாது என்று அந்தக் கடற்கரை முழுக்கப் பேர். உப்புப் பாத்தியின் தரையைக் களிமண் போட்டு, ஆட்கள் வரிசையாக நின்று ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். நன்றாக மிதித்த தரை, தேய்த்த கல் மாதிரி மினுங்கும். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு கீழே இறங்காது. அந்த மண்ணைவிட நம்பகமான மண் உலகத்தில் இல்லை என்று அந்த ஊர் ஆண்களுக்கு எண்ணம். அதனால் வண்டி வண்டியாகப் பாத்தி மண்ணையே கொண்டுவந்து விரிசலில் அடைத்து, கரையின் உள்பக்கம் முழுக்கப் பூசி மிதித்தார்கள். அவர் முன்வரிசையில் நின்றார். வேலை முடிந்ததும் கரைக்குக் கெடா வெட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. சோறு போடும்போது கேட்டேன். மழை முடிந்ததும் வருஷா வருஷம் பாத்தியெல்லாம் கரைந்து கிடக்கிறது, நீங்களும் திரும்பத் திரும்ப மிதிக்கிறீர்கள், அந்த மண் இங்கே மட்டும் எப்படி நிற்கும் என்று. அவர் சாப்பாட்டில் கண்ணாக இருந்தார். “மேல விழுற தண்ணி வேற, சாஞ்சு நிக்குற தண்ணி வேற. உனக்குத் தெரியாது, கொழம்ப ஊத்து” என்றார். ஊற்றினேன். மழைக்குப் பின் பாத்தி மிதிப்பது அவர்களுக்குப் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல ஒரு வழக்கம். ஏன் மிதிக்க வேண்டியிருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. வண்டிப்பாதை அளத்துத் தண்ணீரோடு ஒன்றாகிவிட்டது. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. என் பிறந்த வீடு மேட்டு நிலத்தில் இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வருகிறேன், தண்ணீர் இன்னும் ஏறினால் மணல் மேட்டு வழியாகக்கூட ஊரை விட்டுப் போக முடியாது என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

“நீ கெளம்புனா, கரை நிக்காதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்.”

அவர் மிதித்த கரை. அவர் பெண்டாட்டி பிள்ளையே அதன் கீழே இருக்கப் பயந்தால் ஊரில் எவன் இருப்பான்? எல்லோரும் போய்விட்டால் ராப்பகலாகக் கரையைக் காக்க ஆள் ஏது? இதையெல்லாம் அவர் விளக்கினார். எல்லாம் நியாயம்தான். அந்த நியாயத்துக்குள் நானும் என் பிள்ளையும் மாட்டிக்கொண்டோம். அவர் மீது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் வருகிறது.

ஊர்ப் பெண்கள் என் வீட்டைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நெருப்பு வாங்க வருகிற சாக்கில் ஒருத்தி, பானைகள் அடுக்கில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போவாள். உப்பு கேட்டு ஒருத்தி வருவாள். உப்பளத்து ஊரில் உப்பு இரவல்! ஒருநாள் தொட்டில் சேலை நாறுகிறதே என்று துவைக்க அவிழ்த்தேன். முடிச்சைக்கூட முழுசாக அவிழ்க்கவில்லை. பக்கத்து வீட்டு மதினி ஈரத்தலையோடு ஓடி வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

“என்னளா, கெளம்பிட்டியா?”

துவைக்கத்தான் என்றேன். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் தொட்டிலைத் திரும்பக் கட்டுகிறவரை மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். சாயங்காலம் அவர் வந்து, யாரோ சொல்லியிருக்க வேண்டும், மழை விடுகிறவரை தொட்டிலை அவிழ்க்காதே என்றார். பிள்ளை மூத்திர நாற்றத்திலேயே தூங்கியது. என் வீட்டில் ஒரு துணியைத் துவைக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று.

தினமும் காலையில் அவர் கரையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவருவார். எந்த மண் கரையும் கொஞ்சம் கசியும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் உள்ளேயிருந்து மண் வருகிறது என்று அர்த்தம். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெருவழியாக அந்தச் சொம்பைக் கொண்டுவந்து எங்கள் வாசல் சுவரில் வைப்பார். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். சொம்பின் அடிப்பித்தளை தெரியும். அதைப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். நானும் பார்ப்பேன். ஆனாலும் கொல்லையில் பாத்திரம் விளக்கும்போது முதுகுக்குப் பின்னால் அத்தனை தண்ணீர் சாய்ந்து நிற்கிற நினைப்பு போகாது. முதுகைக் காட்டாமல் திரும்பி உட்கார்ந்து விளக்குவேன். அப்போது கரை கண்ணெதிரே இருக்கும். அது இன்னும் மோசம்.

ஒரு காலை அவர் தெருவழியாக வரவில்லை. கொல்லைப்பக்கமாக வந்தார். சொம்பைத் தரையில் வைத்தார். எட்டிப் பார்த்தேன். அரிசி கழுவின தண்ணீர் போல இருந்தது. அடி தெரியவில்லை. மழை அப்போது விட்டிருந்தது, வெயில்கூட அடித்தது.

அவர் நேராக உள்ளே போய்த் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். பிறகு தொட்டிலை அவிழ்த்தார். என்னை அவிழ்க்காதே என்று சொன்ன அதே தொட்டில். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் திரும்ப வாங்கித் தூக்கிக்கொண்டார்.

நான் கொல்லைப்பக்கம் திரும்பினேன். மேட்டுக்கு அதுதான் குறுக்குவழி, இரண்டு பனை தாண்டினால் போதும். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தெரு வழியா வா. எல்லாரும் பாக்கணும்லா.”

அந்தத் தெருவை விட்டுப் போக எத்தனை நாளாகத் தவித்தேன்! அன்றைக்கு அதில் நடக்க எனக்குக் காலே வரவில்லை. அவர் அவசரப்படவில்லை. ஒரு தோளில் பிள்ளை, ஒரு தோளில் தொட்டில் சேலை, நடுத்தெருவில் தலையைக் குனியாமல் நடந்தார். கரை போகப்போகிறது என்று வாயால் சொல்ல அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் பேச்சு நின்றது. மாவு அரைத்துக்கொண்டிருந்த மதினி அவர் தோளைத்தான் பார்த்தாள். பார்த்தவள் குழவியை விட்டுவிட்டு எழுந்து உள்ளே ஓடிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். நாங்கள் தெருமுனைக்கு வருவதற்குள் பின்னால் ஆடுகளும் கோழிகளும் அழுகிற பிள்ளைகளுமாக ஊரே வந்துகொண்டிருந்தது. கரையில் காவல் நின்றவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள்.

மேட்டில் எல்லோரும் ஏறி ஆளாளுக்கு எண்ணிப் பார்த்து முடித்த பிறகுதான் கரை போயிற்று. விரிசலை அடைத்த இடம் முதலில் உள்வாங்கியது. அப்புறம் தண்ணீர் வந்தது. எங்கள் வீடு முதலில் போயிற்று, பிறகு வரிசையாக. பாத்திகளின் மேல் கலங்கல் தண்ணீர் பரவிக் கடல்வரை ஒரே பரப்பாகிவிட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனாலும் அவர் கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அப்போதுதான் தலையைக் குனிந்தார். யாராவது ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். யாரும் ஏசவில்லை. அவர் மீது இருந்த ஆத்திரமெல்லாம் அந்த நேரத்தில் எனக்கும் எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த கோடையில் கரையைச் சரளை மண்ணால் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள். வீடுகளும் எழும்பின. மேட்டிலேயே குடிசை போட்டிருந்த நாங்கள் தூத்துக்குடி டவுனுக்குக் குடிபோவதாக முடிவு செய்திருந்தோம். எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். ஒருநாள் ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். கரை மிதிக்கக் கூப்பிட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். இல்லை.

“அண்ணாச்சி, நீங்க வேலைக்கு வர வேண்டாம். பழைய எடத்துலயே வீட்டக் கட்டி இருந்தாப் போதும். நீங்க இருந்தா நாங்க இருப்போம். நீங்க எறங்குனா நாங்க எறங்கிருவோம்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் தடவை கேட்காதவர் இந்தத் தடவை என்னைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. வாசலுக்கு வெளியே, ஆண்களுக்குப் பின்னால், மதினி நின்றுகொண்டிருந்தாள்.

“இருப்போம்” என்றேன். “ஆனா தொட்டில அவுக்க இனிமே நான் யாரையும் கேக்க மாட்டேன்.”

அவர் சரி என்றார். அப்படித்தான் நானும் இருந்தேன். ஒவ்வொரு மழைக்கும் கரையைப் பார்த்தபடி பாத்திரம் விளக்கினேன். தொட்டில் சேலையைத் துவைக்க வேண்டும் என்றால் மட்டும் முதலில் வாசலுக்கு வந்து, துவைக்கத்தான் அவிழ்க்கிறேன் என்று தெருமுனை வரை கேட்கும்படி சொல்லிவிட்டு அவிழ்த்தேன்.